முட்டைக் கிண்ணத்தில் கிடந்த பேட்ஜ்

அத்தியாயம் 17

கல்யாண வீட்டில் காணாமல் போவதற்கென்றே சில சாமான்கள் உண்டு. சாவி போகும், சீப்பு போகும், மாப்பிள்ளையின் மோதிரம் கூடப் போகும். கில்ஹூலி வீட்டில் அன்று காலை காணாமல் போனது பெண்ணைப் பெற்றவரின் பேட்ஜ்.

முந்தைய நாள் கேக்கை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போய் ஹோட்டலில் இறக்கிவிட்டு, பர்மிங்காமிலிருந்து வந்த தங்கை கன்செப்டாவுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டு, "இனி விடிஞ்சா கல்யாணம்" என்று ஃபிடெல்மா நிம்மதியாகத் தூங்கப் போனதைச் சொல்லியிருந்தோம். பாவம், நன்றாகத்தான் தூங்கினாள்.

"ஃபிடெல்மா! என் கோட்டைப் பாத்தியா?" ஜார்லத் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"கோட்டு மேல மாட்டிக்கிட்டே கோட்டைத் தேடறியா?"

"இது இல்ல. வேலைக்குப் போற கோட்டு. பேட்ஜ் அதுல இருக்கான்னு பாரு."

ஃபிடெல்மா பார்த்தாள். அதில் இல்லை. மழைக்கோட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலும் இல்லை.

"நேத்து சாயங்காலம் கோயில் ஹாலுக்கு நாற்காலி எடுக்கப் போறப்ப நான்தானே உனக்குக் குத்திவிட்டேன்?"

"வர்ற வழியில விழுந்திருக்கும்."

"ஆறு வருஷமா விழாதது நேத்துப் பாத்து விழுந்துச்சா?"

இந்தக் கேள்வியை அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கரண்டி காணவில்லை என்றாலும் இதே குரலில்தான் கேட்டிருப்பாள்.

மாடியிலிருந்து கல்யாணப் பெண் டெர்வ்லாவின் குரல் அவசரமாக வந்தது. "அம்மா, விடும்மா! அந்த இடத்துல பூ வெச்சாப் போச்சு. யாரு பாக்கப் போறா?"

"ஊரே பாக்கும்டி! பொண்ணு கல்யாணத்துல உங்கப்பா பேட்ஜ் இல்லாம நின்னா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது."

மாடியில் கதவு சட்டென்று சாத்திக்கொண்டது.

ஒரு பேட்ஜுக்கா இவ்வளவு அமர்க்களம் என்று கேட்பவர்கள் கில்வார்னாவுக்குப் புதிசு. வேறு ஊர்களில் பிளெட்ஜ் என்று கொடிக்கும் நாட்டுக்கும் சத்தியம் செய்வார்களாம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருத்தர் பிளெட்ஜில் இருக்கிறார் என்றால் அவர் குடிப்பதில்லை. அவ்வளவுதான். கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு அன்று சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து பிஷப்பே எடுக்கவைப்பார். தவக்காலத்துக்கு மட்டும் எடுப்பவர்கள் உண்டு, ஈஸ்டர் அன்று மதியம் அவர்களைத் தெருவில் பார்க்க முடியாது, மதுக்கடையில்தான் பார்க்கலாம். "பிளெட்ஜ் எடுக்கறதுல என்னப்பா கஷ்டம், நானே எத்தனையோ தடவை எடுத்திருக்கேன்" என்று அங்கேயே உட்கார்ந்து பெருமையடிப்பவர்களும் உண்டு.

ஆனால் ஆயுசுக்கும் எடுத்தவர்களுக்குத்தான் பேட்ஜ். திருஇருதய ஆண்டவர் படம் போட்டது, சுண்டுவிரல் நகத்தளவு. அதைப் பார்த்துவிட்டால் விருந்தில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். தானாக ஆரஞ்சு ஜூஸ் வரும்.

இன்னொன்றும் உண்டு. இந்த பிளெட்ஜை யாரும் தனக்காக மட்டும் எடுப்பதில்லை. குடித்து அழிகிற ஒருத்தர் திருந்த வேண்டும் என்று அவருக்காக ஒப்புக்கொடுப்பார்கள். ஃபிடெல்மா பதினாறு வயதில் தன் அப்பாவுக்காக எடுத்தாள். அப்பா திருந்தவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். சேர்த்துவைத்த புண்ணியத்தை வீணாக்குவானேன் என்று ஜார்லத்தின் பேருக்கு அதை மாற்றினாள். ஒரு சொட்டுக் கூடப் படாத உதட்டோடு, தினமும் விடிந்ததும் அடுப்பங்கரையில் நின்று அந்த மனுஷனுக்காக ஜெபம் சொல்லிவிட்டுத்தான் கெட்டிலைப் போடுவாள்.

அப்போது ஜார்லத் பால்பண்ணை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் போதையில் லாரியைப் பாலத்துச் சுவரில் ஏற்றி, வலது கையில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி குடித்தார். ஃபிடெல்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி பர்மிங்காமுக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஜார்லத் கோயில் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஆயுசுக்கும் பிளெட்ஜ் எடுத்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்தவள் வாசற்படியில் நின்றே சொன்னாள்: "இன்னொரு சொட்டு உள்ள போச்சுன்னா அன்னிக்கே கப்பல் ஏறுவேன். அப்புறம் திரும்பி வரமாட்டேன்."

அன்றிலிருந்து அந்த பேட்ஜை அவருக்குக் குத்திவிடுவது அவள் வேலை. பட்டன் போட்டுக்கொள்வார், ஷூ கயிறு கூடக் கட்டிக்கொள்வார். அந்தக் குட்டிக் கொக்கியை மட்டும் மாட்ட அவர் கையால் ஆகாது.

இப்போது பால்பண்ணை வாசலில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிற வேலை. வியாழக்கிழமை ராத்திரி கோயில் ஹாலில் சீட்டாட்டம். ஆட்டம் முடிந்ததும் டெர்வ்லா காரில் போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். "இந்தக் காலத்துல அப்பனைத் தேடிப்போய்க் கூட்டிட்டு வர்ற பொண்ணு யாருக்குடி கிடைக்கும்?" என்று ஃபிடெல்மா வாராவாரம் வாசலில் நின்று கேட்பாள். நேற்றைக்குத்தான் டெர்வ்லாவால் போக முடியவில்லை. தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு எங்கே போவது? ஜார்லத் பக்கத்து வீட்டு டிராக்டரில் ஏறி வந்தார்.

பின்கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

அட்ராக்டா டார்ப்பி நின்றிருந்தாள். கோயில் ஹாலுக்கு அடுத்த கட்டடம் டார்ப்பி மதுக்கடை, அவள் அதன் முதலாளியம்மா. கல்யாணத்துக்குத் தொப்பியெல்லாம் போட்டு ரெடியாக வந்திருந்தாள். கையில் கைக்குட்டையால் மூடிய ஏதோ ஒன்று.

"உள்ள வா அட்ராக்டா. டீ சூடா இருக்கு."

"வேண்டாம்டி, ஷூவெல்லாம் சேறு. இதைக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். இன்னிக்குப் போய் இது இல்லாம அவரு நிக்கக் கூடாது பாரு."

கைக்குட்டையை எடுத்தாள். நீலக்கோடு போட்ட முட்டைக் கிண்ணம். வேகவைத்த முட்டையை நிறுத்திச் சாப்பிடுவோமே, அது. அதற்குள் பேட்ஜ் கிடந்தது.

"அட, இது உங்கிட்ட எப்படி..." என்று ஆரம்பித்த ஃபிடெல்மா சிரித்தாள். "ஹால்ல விழுந்து கிடந்துச்சா?"

"ஹால்ல எதுக்கு விழுது? நேத்து போறப்ப மறந்துட்டாரு. கையால தொடப் பயமா இருந்துச்சு, திருஇருதய ஆண்டவர் ஆச்சே. அதான் கிண்ணத்தோடவே கொண்டாந்துட்டேன்."

"எந்தக் கிண்ணம்?"

"இதான், எப்பவும் வைக்கிற கிண்ணம்..." அட்ராக்டா ஃபிடெல்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "ஃபிடெல்மா, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

"என்ன தெரியும்?"

"ஐயோ ஆண்டவரே. என் வாயில மண்ணு."

"அட்ராக்டா, என்ன தெரியும்?"

அட்ராக்டா தொப்பியைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஜார்லத் கடைக்குள் வந்ததும் முதலில் பேட்ஜைக் கழற்றச் சொல்லுவாராம். கவுண்டரில் யாராவது கழற்றிக் கொடுப்பார்களாம். அதை முட்டைக் கிண்ணத்தில் போட்டு மேல் அலமாரியில் வைத்த பிறகுதான் முதல் கிளாஸைத் தொடுவாராம். "அதைப் போட்டுக்கிட்டு ஒரு சொட்டுக் குடிக்க மாட்டாருடி, சத்தியமா. 'ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்கறப்ப குடிக்கக் கூடாது அட்ராக்டா, அது மரியாதை இல்ல'ம்பாரு. கழட்டி வெச்சுட்டா பிளெட்ஜும் கிண்ணத்துல இருக்குன்னு அவரு கணக்கு."

"எத்தனை நாளா?"

"வியாழக்கிழமை மட்டும்தான்."

"நான் கிழமையைக் கேக்கல."

அட்ராக்டா தரையைப் பார்த்தாள். "நீ பர்மிங்காம்லேர்ந்து வந்து ஒரு வருஷம் இருக்கும்."

ஃபிடெல்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஐந்து வருஷம் விடிந்து எழுந்ததும் யாருக்காக ஜெபம் சொன்னோம்? கெட்டிலுக்கா?

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அது... கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும்."

"அப்ப ஊருக்கே."

"ஊர்ல யாருடி உங்கிட்ட வந்து சொல்லுவா? நீ இருக்கற இருப்புல? ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க சொல்லட்டும்னு விட்டாங்க."

கிளம்பத் திரும்பியவளை ஃபிடெல்மா கேட்ட அடுத்த கேள்வி நிறுத்தியது.

"திரும்பக் குத்திவிட்டது யாரு?"

"என்னது?"

"அவரு கையால ஆகாது. வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வர்றப்ப பேட்ஜ் நேரா, நான் குத்தினா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். யாரு குத்திவிட்டா? நீயா?"

"அம்மாடி! நான் அதைத் தொட்டதே இல்ல. என் புள்ளைங்க மேல ஆணை. யாராச்சும் வாசல்ல கார்ல..." அட்ராக்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கல்யாண வேலை கெடக்கு, போ ஃபிடெல்மா. நல்ல நாளும் அதுவுமா என்னைப் பேச வைக்காதே."

தொப்பி ஒரு பக்கம் சரிய, சேற்றில் பெரிய பெரிய அடியாக எடுத்துவைத்துப் போய்விட்டாள்.

ஃபிடெல்மா அடுப்பங்கரையில் நின்றாள். வாசலில் கார். கார் ஓட்டி வருவது யார்? மனசுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மனசு சொன்னதைக் காது வாங்கமாட்டேன் என்றது. வேறு யாராவது இருக்கும், அண்டை அயல் யாராவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாடிப்படியில் பட்டுத்துணி சரசரத்தது.

டெர்வ்லா இறங்கி வந்தாள். வெள்ளை கவுனும் சரிகை முக்காடுமாக, பெற்ற வயிறு குளிர்கிற அழகு. கன்செப்டா பின்னாலேயே கவுன் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று வந்தாள். ஜார்லத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே கார்க்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

வேறு தாயாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். ஃபிடெல்மா உள்ளங்கையை நீட்டினாள். அதில் பேட்ஜ் இருந்தது.

"கெடைச்சுடுச்சு. உங்கப்பாவுக்குக் குத்திவிடு."

"எங்க இருந்துச்சு?" என்று ஜார்லத் கேட்டார்.

"எங்க வெச்சியோ அங்க. எனக்குக் கையெல்லாம் வெண்ணெய். நீ குத்துடி."

டெர்வ்லா ஒரு நொடிதான் தயங்கினாள். அப்புறம் பேட்ஜை எடுத்தாள். இடது கை கோட்டின் காலருக்கு அடியில் போனது, வலது கை ஊசியை ஏற்றியது, கட்டைவிரல் கொக்கியை மாட்டியது. கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம், அப்படி ஒரு பழக்கம். தலையை லேசாகச் சாய்த்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். அதோடு விட்டிருந்தால் கூட ஃபிடெல்மா ஏமாறத் தயாராக இருந்தாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கை நிற்கவில்லை. தன் போக்கில் கீழே போய், கோட்டுப் பையைத் தட்டி, வாடையை மறைக்கிற பெப்பர்மிண்ட் இருக்கிறதா என்று பார்த்தது.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெர்வ்லாவின் முகம் முக்காட்டை விட வெளுத்தது. "அம்மா..."

"கார் நிக்குது," என்றாள் ஃபிடெல்மா. "ஏறு."

கோயிலில் என்ன நடந்தது என்று கேட்டால் ஃபிடெல்மாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பாட்டுப் பாடினார்கள். மாப்பிள்ளை ஃபின்டன் மோதிரத்தைக் கீழே போடாமல் மாட்டினான். நல்ல பையன், லிமெரிக்கில் வாத்தியார். "இன்பத்திலும் துன்பத்திலும் உனக்குப் பிரமாணிக்கமாய் இருப்பேன்" என்று டெர்வ்லா தெளிவாக, தடுமாறாமல் சொன்னாள். ஃபிடெல்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்! இதே வாயால்தானே வாராவாரம் "அப்பா இன்னிக்குச் சீட்டுல தோத்துட்டாரும்மா" என்று சொன்னாள்?

புருஷன் ஏமாற்றினால் அது ஒரு வலி. அது அவளுக்குப் பழகிய வலி, எங்கே வலிக்கும் என்று கூடத் தெரியும். பெற்ற பெண் ஏமாற்றினால் எங்கே வலிக்கும் என்று இதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது.

ஹோட்டலில் போட்டோ எடுத்து முடித்ததும் பெண்கள் கோட்டு மாட்டுகிற சின்ன அறைக்குள் டெர்வ்லா அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.

"திட்டும்மா. இங்கயே திட்டிடு."

"எதுக்கு? வாசல்ல நின்னு உனக்கு நன்றி சொன்னவடி நான். வாராவாரம்! பாலைச் சுட வெச்சுக் கொடுத்தேன், குளிர்ல போய் வந்திருக்கியேன்னு. அதைக் குடிக்கறப்ப உனக்கு நாக்கு கூசலையா?"

"கூசிச்சு."

"இருந்தும் குடிச்சே."

"குடிச்சேன்."

"ஏண்டி?"

டெர்வ்லா மூக்கை உறிஞ்சினாள். அழுதால் மை கலையும் என்று தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டாள். "நீ போயிடுவேன்னு."

"நான் அவருக்குச் சொன்ன வார்த்தை அது. உனக்கு இல்ல."

"அதுக்கு முன்னாடி நீ போனப்ப யாரை விட்டுட்டுப் போனே? அவரை மட்டுமா?" டெர்வ்லாவின் குரல் உயர்ந்தது. "எனக்குப் பதினேழு வயசும்மா. பரீட்சை வருஷம். நீ பர்மிங்காம்ல சித்தி வீட்டுல இருந்தே. நான் இங்க அவரு காயத்துக்குக் கட்டு மாத்திக்கிட்டு, வாந்தி அள்ளிக்கிட்டு இருந்தேன். கடிதாசுல என்ன எழுதினே? 'நல்லாப் படி'ன்னு."

ஃபிடெல்மா ஆணியிலிருந்து நழுவிய யாருடைய கோட்டையோ எடுத்துத் திரும்ப மாட்டினாள்.

"முதல் தடவை அவரை டார்ப்பி கடை வாசல்ல பாத்தப்ப எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சா பெட்டியை எடுத்துடுவா. அவ்வளவுதான். கிண்ணத்துலேர்ந்து எடுத்துக் குத்தினேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு. பிளெட்ஜ் எடுத்தது என்னவோ அவரு. அதைக் காப்பாத்தினது நான்."

"காப்பாத்தினியா? அதைச் சாகடிச்சு, மூக்குல பஞ்சு வெச்சு, உயிரோட இருக்குன்னு காட்டினேடி எனக்கு!"

வெளியே யாரோ கதவைத் தட்டி, "சூப் ஆறுது! பொண்ணு எங்க?" என்று கத்தினார்கள்.

டெர்வ்லா அம்மாவின் கையைப் பிடித்தாள். "நான் நாளைக்கு ஃபின்டனோட போயிடுவேன். இனிமே அவரைக் கூட்டிட்டு வர யாரும் இல்ல. நீ அவரை விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஒரு வார்த்தை கொடும்மா. நிம்மதியாப் போறேன்."

ஃபிடெல்மா கையை உருவிக்கொண்டாள்.

"வார்த்தையா?" என்றாள். "இந்த வீட்டுல அது என்ன விலைக்குப் போகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்றேன். முக்காடு கோணலா இருக்கு, சரி பண்ணிக்கோ."

ஆனாலும் தானே நின்று சரி பண்ணிவிட்டுத்தான் வெளியே போனாள். தாய் மனசு, என்ன செய்யும்?

சூப் வந்தது. வான்கோழியும் ஹாமும் வந்தன. மேல்மேசையில் பணிப்பெண் தட்டோடு வந்தபோது இரண்டு பேட்ஜையும் பார்த்து, கேட்காமலேயே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஆரஞ்சு ஜூஸை வைத்தாள். மற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிக் குடிக்க மது. ஃபிடெல்மாவின் இடது பக்கம் ஜார்லத், வலது பக்கம் கன்செப்டா.

"என்னக்கா, முகமே சரியில்ல?" என்றாள் கன்செப்டா.

"ஒண்ணும் இல்ல. ஷூ கடிக்குது."

ஜார்லத் பேச எழுந்தார். பெண்ணின் அப்பா பேசுவது வழக்கம். அம்மா பேசுவது வழக்கமில்லை. ஃபின்டனின் வீட்டாரை வரவேற்றார். ஒரு ஜோக் சொன்னார், சிரித்தார்கள். பிறகு அவர் குரல் தழுதழுத்தது.

"நான் கெட்டுக் குட்டிச்சுவரா இருந்தவன். உங்களுக்கே தெரியும். என்னை மனுஷனாக்கினது இவ." மூன்று விரல் மட்டும் இருந்த கையால் நெஞ்சிலிருந்த பேட்ஜைத் தொட்டார். "இது என்னோடது இல்ல. இவளோடது. இவ சொல்ற ஜெபத்துலதான் நான் நிக்கறேன்."

ஹால் கை தட்டியது. பலமாகத் தட்டியது. ஃபிடெல்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பால்பண்ணை மேனேஜர் தட்டினார். பக்கத்து வீட்டு டிராக்டர்க்காரர் தட்டினார். சீட்டாட்டக் கோஷ்டி முழுதும் தட்டியது. அட்ராக்டா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். கழற்றி வைத்த நேரமெல்லாம் கணக்கில் வராது என்று நிஜமாகவே நம்புகிறார்.

ஜார்லத் உட்கார்ந்தார். ஃபிடெல்மா அவர் பக்கம் திரும்பி, காலரில் கை வைத்தாள். பேட்ஜ் கோணலாக இருக்கிறது, சரி பண்ணுகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சில பெண்கள் "பாரேன், எவ்வளவு அன்பு" என்று கூடச் சொன்னார்கள்.

அவள் கொக்கியைத் தளர்த்தி பேட்ஜைக் கழற்றினாள். மடியிலிருந்த கைப்பையைத் திறந்து நீலக்கோட்டு முட்டைக் கிண்ணத்தை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் பேட்ஜைப் போட்டாள். 'ணங்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

முதலில் சீட்டாட்டக் கோஷ்டியின் மேசை அமைதியானது. அப்புறம் பால்பண்ணை மேசை. அப்புறம் அடுத்தது. அந்தக் கிண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூட, ஹால் முழுதும் அடங்கிப்போனது. கடைசியில் பேசிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஃபிடெல்மா இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"ஃபிடெல்மா," என்றார் ஜார்லத், உதடு அசையாமல். "இப்ப வேண்டாம். பொண்ணு கல்யாணம்."

"இப்பதான்." அவள் குரல் மேல்மேசையைத் தாண்டவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வைத்திருந்த விஸ்கியை எடுத்து ஜார்லத் முன்னால் நகர்த்தினாள். "ஆண்டவர் கிண்ணத்துல பத்திரமா இருக்காரு. குடி. ஊரே பாத்ததை நான் மட்டும் பாக்கல. நானும் பாத்துடறேன்."

ஜார்லத்தின் முகம் கழுத்து வரை சிவந்தது. கிளாஸைத் தொடவில்லை. இடது கையால் பேட்ஜை எடுத்தார். காலரில் வைத்து அழுத்தி, வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் கொக்கியைத் தள்ளப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி பார்த்தார். ஊசி குத்தி வெள்ளைச் சட்டையில் ஒரு துளி ரத்தம் பட்டது. ஹாலில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, யாரும் எழுந்து வரவும் இல்லை.

டெர்வ்லா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருடி," என்றாள் ஃபிடெல்மா. "இன்னிக்கு ஒரு நாளாவது அவரே குத்திக்கட்டும்."

டெர்வ்லா உட்கார்ந்தாள். ஃபின்டன் ஒன்றும் புரியாமல் அவள் கையைப் பிடித்தான்.

பேட்ஜ் ஜார்லத்தின் விரலிலிருந்து நழுவி, மேசை விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. பெண்ணைப் பெற்றவர், அத்தனை பேர் பார்க்க, மேசைத் துணியை விலக்கிக்கொண்டு முழங்காலில் இறங்கினார். முன்பு பீடத்தடியில் நின்ற அதே முழங்கால்.

ஃபிடெல்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உன் கப்பல் எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

"அக்கா..."

"கார்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

மேசைக்கடியில் ஜார்லத் கையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். "ஃபிடெல்மா, எங்க விழுந்துச்சுன்னு பாத்தியா?" என்று அவர் குரல் கீழேயிருந்து வந்தது, காலையில் கோட்டைத் தேடிய அதே குரல்.

அவள் பார்த்திருந்தாள். அது அவளுடைய இடது ஷூவுக்கு அடியில்தான் இருந்தது. காலை எடுப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.